அடுப்பு எரியாத நாற்பது பகல்கள்

கல்லாங்காட்டுத் தோட்டம்,
கொல்லங்கோடு,
ஆனந்த வருஷம், புரட்டாசி 9 (25.9.1974)

என் அன்புக்கும் பெருமிதத்துக்கும் உரிய மகள் சௌபாக்கியவதி ஜானகிக்கு, உன் தாய் பழனாத்தாள் ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும், உன் தந்தையாரும், கறவை இரண்டும், கிணற்றில் ஆறு முழத் தண்ணீரும் சுகமாக இருக்கிறோம். அங்கே பிலாய் நகரில் நீயும், மாப்பிள்ளை அவர்களும், என் பேரன் சின்னவனும் அதற்கு இம்மியும் குறையாத சுகத்தில் இருப்பதை உன் கைப்பட எழுதித் தெரிவிக்கவும். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். கொழிஞ்சாம்பாறையிலிருக்கும் உன் பெரியத்தை நாச்சம்மாள் வீட்டார் யாரேனும் உன் தந்தையாரைப் பற்றி ஏதேனும் எழுதியிருந்தால் அதை நம்பிக் கண்ணீர் விட வேண்டாம். அவர் இந்த நிமிஷம் வேப்பமரத்தடிக் கட்டிலில் அமர்ந்து வெள்ளரிப்பிஞ்சு கடித்துக்கொண்டிருக்கிறார், அந்தச் சத்தம் எனக்கு இங்கே கேட்கிறது. நாற்பது நாட்களாக உனக்கு நான் இரண்டு வரித் தபால் அட்டைக்கு மேல் எழுதாமல் இருந்ததற்கும், அவர் இறந்துவிட்டதாக ஊரே திரண்டு வந்ததற்கும் காரணம் ஒன்றே. அதை முறைப்படி, தொடக்கத்திலிருந்து எழுதப் போகிறேன், என் கையை விட மனம் முந்தி ஓடுவதால் எழுத்து சற்றுச் சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்.

மண்ணெண்ணெய்க்காக விடியுமுன்னே வரிசையில் நின்று, அதுவும் கிடைக்காமல் கரி அடுப்பை ஊதிக் கண் சிவந்து போவதாக ஆடி மாதம் நீ எழுதியிருந்தாய் அல்லவா, அக்கடிதத்தைப் படித்த அன்றுதான் எனக்கு என் கணக்கு உறைத்தது. நான் மணமாகி இவ்வீட்டுக்கு வந்து முப்பத்தோரு ஆண்டுகள். விடிகாலை நாலரை மணிக்கு அடுப்பின் முன் குந்தினால் பத்து மணிக்கு எழுந்திருப்பேன். அன்று நீங்கள் மூவர் இருந்தீர்கள், பண்ணையாட்கள் இருந்தார்கள், தாத்தா இருந்தார். அந்த நெருப்புக்கு நியாயம் இருந்தது. இன்று நாங்கள் இருவர் மட்டுமே, ஆனாலும் அடுப்பு அதே நாலரை மணிக்கு என்னை அழைத்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட வாசலை மிதியாமல், மளிகைப் பொட்டலக் காகிதங்களை நீவி நீவி எழுத்துக் கூட்டிப் படித்த உன் தாய்க்கு, ஒரு நாளிதழை வெளிச்சமிருக்கும்போது விரித்துப் படிக்க முப்பத்தோரு ஆண்டுகளாக ஒரு காலைப்பொழுது வாய்க்கவில்லை. அந்தச் சமயத்தில் வாசகசாலையிலிருந்து மேலட்டை கிழிந்துபோன ஒரு சிறு நூல் கைக்கு வந்தது. சமைக்காத உணவு, வெயில், காற்று, மண், நீர் இவற்றைக் கொண்டு உடலைப் பேணுவது எப்படி என்பது அதன் பொருள். அதில் சொல்லியிருந்த நோய் தீரும் கதைகளை நான் முழுவதும் நம்பவில்லை. ஆனால் ஒரு பக்கத்தில், சமைக்காத வேளை ஒவ்வொன்றும் பெண்ணுக்கு மீளும் வேளை என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது, அதைப் படித்தபின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உன் தந்தையாரிடம் சொன்னேன். சிரித்தார். "அடுப்பெரியாத ஊடு ஒரு ஊடா? நாளைக்கு ஒரம்பரை வந்து நின்னா என்ன பண்ணுவே, புல்லை அறுத்துப் போடுவியா?" என்று கேட்டார். வந்த விருந்தாளியை வயிறு நிறைக்காமல் அனுப்பிய பெயர் இந்தத் தோட்டத்துக்கு இதுவரை இல்லை, அவருடைய அச்சம் அதுதான், அதில் நியாயமும் உண்டு. ஆகவே வாய்ப்பேச்சில் விடாமல் முழுத்தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதினேன். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி முதல் நாற்பது நாட்களுக்குக் கதிரவன் எழுந்தது முதல் மறையும்வரை இவ்வீட்டு அடுப்பில் தீ மூட்டலாகாது. பகலில் நான் அளிப்பதையே அவர் உண்ண வேண்டும். மாலையில் வழக்கம்போல் சுடுசோறும் ரசமும் உண்டு. நாற்பது நாட்கள் குறைவின்றி நிறைவேறினால் என் காலைப்பொழுது ஆயுள் முழுவதும் எனக்கே உரியது. இடையில் ஒரே ஒரு விருந்தாளியேனும் வயிறு நிறையாமல் திரும்பினால் ஒப்பந்தம் முறிந்தது, மூன்று வேளையும் அடுப்பு மூட்டுவேன், இப்பேச்சை என் வாழ்நாளில் மீண்டும் எடுக்க மாட்டேன். அவர் தம் பங்குக்கு ஒரே ஒரு ஷரத்தைச் சேர்க்கச் சொன்னார்: இது வெளியே எவருக்கும் தெரியக்கூடாது. பெண்டாட்டி சோறாக்குவதில்லை என்று சந்தையில் கேலி பேசுவார்கள் என்று கூச்சம். இருவரும் கையொப்பமிட்டோம். மகளும் வெளியாளா என்று நீ கோபிப்பாய். ஷரத்தில் மகளுக்கு விலக்கு எழுத மறந்துவிட்டேன், எழுதியதை மீறும் வழக்கம் எனக்கில்லை.

முதல் வாரத்தில் நான் செய்த பிழைகளைச் சொல்கிறேன், நீ அவற்றைச் செய்யாதிருக்க வேண்டும் என்பதற்காக. உற்சாக மிகுதியால் முதல் நாளே கொள்ளுப்பயறை முளைகட்டி ஆளுக்கு ஒரு வட்டல் நிறைய வைத்துவிட்டேன். உன் தந்தையாரின் வயிறு அன்று மாலைவரை கல் ரோட்டில் பாரவண்டி போவது போல் உருண்டது, எதிரே நின்ற எருமை மிரண்டு பார்த்தது. கொள்ளு பழகிய பின்புதான், அதுவும் ஒரு கைப்பிடிதான். பாசிப்பயறே தொடக்கத்துக்கு ஏற்றது. இரவு ஊறவைத்து, காலையில் நீரை முழுவதும் வடித்து, ஈரத் துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிட வேண்டும். இறுக்கிக் கட்டினால் மூச்சடைத்து நாறிவிடும், நானே ஒரு மூட்டையைக் குப்பையில் கொட்டினேன். மறுநாள் வெள்ளை மூக்கு எட்டிப் பார்க்கும், அதுதான் பதம். அதில் சின்ன வெங்காயம், தேங்காய்த் துருவல், எலுமிச்சைச் சாறு சேர்த்தால் வேறொன்றும் வேண்டாம். கெட்டி அவலைக் கழுவிப் பிழிந்து வைத்துவிட்டு, தேங்காய்ப்பாலில் வெல்லத்தைக் கரைத்து ஊற்றி, பூவன்பழத்தைக் கையால் பிசைந்து கலந்தால் அதுவே காலைச் சாப்பாடு; சின்னவன் நிச்சயம் விரும்புவான். நிலக்கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்துத் தின்றால் வறுத்த கடலையைப் போல் நெஞ்சைக் கரிக்காது. எதையும் அவசரமாக விழுங்காதே. மென்று தின்ன நேரமில்லாதவர்களுக்குப் பச்சை உணவு பகை என்பதை இரண்டே நாளில் கண்டுகொண்டேன்.

ஆறாம் நாள் ஒரு குற்றம் வெளிப்பட்டது. பஸ் நிற்கும் முக்கில் சாயாக்கடை வைத்திருக்கும் குஞ்சு முகம்மது வாழைத்தார் வாங்க வந்தார். விலை பேசி முடிந்ததும் அவர் குரலைத் தாழ்த்தி, "அம்மா, நான் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க, கேட்டோ. கவுண்டரு நாலு நாளா என்ற கடையில பின்னாடி பெஞ்சுல உக்காந்து சாயாவும் ரெண்டு பருப்புவடையும் தின்னுட்டுப் போறாரு. ஊட்ல ஏதாச்சும் சண்டையோ?" என்று கேட்டார். சண்டை ஏதுமில்லை என்று சொல்லி, ஒரு சீப்பு பழம் கூடுதலாகக் கொடுத்தனுப்பினேன். மாலையில் உன் தந்தையார் ரசம் ஊற்றிக்கொள்ளும்போது, நான் ஒப்பந்தத்தை எடுத்து இரண்டாம் ஷரத்தை உரக்கப் படித்தேன். அவர் சற்று யோசித்து, "அந்த வடை நேத்துச் சாயங்காலம் சுட்டதுங்கறான் குஞ்சு முகம்மது. பகல்ல தீ மூட்டல. ஷரத்துப்படி அது பச்சை வடைதான்" என்றார். நியாயம் பேசுகிறாராம். சிரிப்பை அடக்கிக்கொண்டு, நேற்றைய வடையும் வடையே என்று ஓரத்தில் ஒரு வரி சேர்த்து அவரிடம் கையொப்பம் வாங்கினேன். மறுநாளிலிருந்து அவர் அந்தப் பெஞ்சில் அமர்ந்து எலுமிச்சம்பழத் தண்ணீர் குடிக்கலானார். வடை போனது அவருக்குப் பெரிதில்லை, காலைக் காப்பி போனதுதான் பெரிது. தலை இரண்டாகப் பிளக்கிறது என்று தினமும் முணுமுணுத்தார். நூலில் கண்டபடி நெற்றியிலும் அடிவயிற்றிலும் ஈரத்துணி போட்டேன். உண்மையைச் சொன்னால், காப்பியைச் சிறிது சிறிதாகக் குறைத்திருக்க வேண்டும். ஒரே நாளில் நிறுத்தியது என் முரட்டுத்தனம்.

இனிப் பன்னிரண்டாம் நாளுக்கு வருகிறேன். அன்று காலை தலைவலி அதிகமாக இருந்ததால் அவர் வாசலில் பாயை விரித்து, வெயில் முகத்தில் படாமல் தெற்கே தலை வைத்து மல்லாந்து படுத்திருந்தார். நெற்றித் துணி நழுவாமலிருக்க அதைத் தாடையைச் சுற்றி உச்சியில் முடிச்சிட்டிருந்தேன். நான் அவருக்குப் பக்கத்தில் அரிவாள்மணையைப் போட்டுப் பயறுக்காகச் சின்ன வெங்காயம் உரித்து நறுக்கிக்கொண்டிருந்தேன், புது வெங்காயமாதலால் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது, கை ஈரமென்பதால் துடைக்கவும் இயலவில்லை. நம் அடுத்த தோட்டத்துப் பங்காளி குப்பண்ணன் வேலிக்கு அப்பால் வந்து நின்றாராம். பத்து நாட்களாக நம் கூரையில் காலைப் புகை எழாததைப் பார்த்து, என்னவோ ஏதோ என்று எண்ணிக்கொண்டிருந்தவர் அவர். தெற்கே தலை, தாடைக்கட்டு, பக்கத்தில் அழுகிற பெண்டாட்டி, புகையாத அடுப்பு. இத்தனையும் ஒன்றாகக் கண்டபின் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று முடிவு செய்து, துண்டை வாயில் பொத்திக்கொண்டு ஓடி, கிடைத்த முதல் பஸ்ஸில் ஏறிக் கொழிஞ்சாம்பாறை போய் உன் பெரியத்தை வீட்டு வாசலில் விழுந்துவிட்டார். எங்களுக்கு இது எதுவும் தெரியாது. நாங்கள் பயறைத் தின்றோம், அவர் தலைவலி தீர்ந்து கிணற்றடிக்குக் குளிக்கப் போனார்.

பதினோரு மணிக்கு இரண்டு வாடகைக் கார்களும் ஒரு டிராக்டர் பெட்டியும் நம் வாசலில் வந்து நின்றன. இருபத்தேழு பேர். எண்ணினேன். இழவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று உறவுக்காரர்கள் சோறாக்கிக் கொண்டுவரும் நம் வழக்கப்படி ஆறு பெரிய தூக்குப்போசிகளில் சோறும் ரசமும் வந்திருந்தன. உன் பெரியத்தை வண்டியிலிருந்து இறங்கும்போதே கூந்தலை அவிழ்த்துவிட்டார். "என்ற தம்பியே, எனக்கு முந்திப் போயிட்டயே சாமி" என்று மாரில் அறைந்துகொண்டு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆயினும் அவர் அழுத அழுகையில் எனக்கும் அழுகை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து உன் தந்தையார் ஈரத்தலையோடு, இடுப்பில் துண்டோடு, கிணற்றடியிலிருந்து வாசலுக்கு வந்தார். கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து, "ஏனுங்க அக்கா, யாரு செத்துப்போனது?" என்று கேட்டார். "நீதாண்டா" என்றார் பெரியத்தை.

அழுகை சிரிப்பாகி, சிரிப்பு ஏச்சாகி, குப்பண்ணன் தலையில் விழுந்து ஓய்ந்தபோது மணி பன்னிரண்டு. எல்லோருக்கும் பசி. அப்போதுதான் சிக்கல் தலை தூக்கியது. கொண்டுவந்த சோற்றை எடுக்கப் போன ஒருத்தியின் கையைப் பெரியத்தை தட்டிவிட்டார். "எழவுக்கு ஆக்குன சோத்தைச் சாவு உழாத ஊட்ல திங்கறதா? திருப்பியும் கொண்டு போகக் கூடாது. காக்காய்க்கும் குளத்து மீனுக்கும் போடுங்க" என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்து என் பக்கம் திரும்பி, "பழனாத்தா, மொதல்ல அடுப்பைப் பத்த வையி. பாலைப் பொங்க வெச்சு அந்த அபசகுனத்தைக் கழி. பொறகு இத்தனை பேருக்கும் ஒல வையி" என்றார். இந்தக் குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாதென்பதை நீ அறிவாய். அடுப்பு மூட்டினால் ஒப்பந்தம் முறிகிறது. மூட்டாமல் இருபத்தேழு பேரும் பசியோடு போனால் அப்போதும் முறிகிறது. என் காலைப்பொழுது பன்னிரண்டே நாளில் என் கையைவிட்டு நழுவுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன், அம்மணி. உன் தந்தையார் தலையை ஒருமுறை அசைத்தால் போதும், அவருடைய காலைக் காப்பி திரும்பக் கிடைத்துவிடும். இரகசியமும் காப்பாற்றப்படும்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, "அக்கா, பொழுது எறங்கட்டும், அதுக்கு மின்னாடி இந்த ஊட்ல அடுப்பு எரியாது. ஒப்பந்தம் போட்டிருக்கு" என்றார். "என்னடா ஒப்பந்தம்?" என்றார் பெரியத்தை. உன் தந்தையார் உள்ளே போய் அந்தத் தாளை எடுத்து வந்து, எந்தச் செய்தி சந்தைக்குப் போய்விடுமோ என்று கூசினாரோ அதை இருபத்தேழு பேர் முன்னிலையில் என்னிடம் நீட்டி, படிக்கச் சொன்னார். நான் படித்தேன். வடை வரி வந்தபோது கூட்டம் முழுவதும் விழுந்து சிரித்தது. "பொண்டாட்டிக்குப் பத்திரம் எழுதிக் குடுத்தவன் நம்ம வகையறாவுலயே நீ ஒருத்தன்தாண்டா" என்றார் பெரியத்தை. "ஆமாங்க அக்கா, குடுத்துட்டேன். கையெழுத்துன்னா கையெழுத்துதானே" என்று சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்து, "ஏ புள்ளே, ஒரம்பரை வந்திருக்காங்க. ஷரத்து என்ன சொல்லுது?" என்று கேட்டார். வயிறு நிறையாமல் போகலாகாது என்கிறதுங்க என்றேன். "அப்ப நெறச்சு அனுப்பு" என்றார்.

எனக்கு அதற்குமேல் வேறென்ன வேண்டும். அழ வந்த பெண்களுக்குத் தேங்காய்த் துருவியைக் கொடுத்தேன், துருவி கிடைக்காதவர்களுக்குக் கத்தி. குப்பண்ணனைத் தண்டனையாகத் தென்னை மரத்தில் ஏற்றினோம். இருபத்தேழு இளநீரும் இறங்கும்வரை அவரை யாரும் இறங்க விடவில்லை. சித்திரைப்பட்டத்துக் கடலை அன்று காலைதான் பிடுங்கி வந்திருந்தது, செடியோடு வாசலில் போட்டு ஆண்களை உரிக்கச் சொன்னேன், பால் மாறாத பச்சைக் கடலை. புது அவல் அரை மூட்டை இருந்தது. வெள்ளரிப்பிஞ்சும் பிஞ்சு வெண்டைக்காயும் காட்டிலிருந்து பறித்து நேரே நீரில் விழுந்தன. குஞ்சு முகம்மது துக்கம் கேட்க வந்தவர், சங்கதி தெரிந்ததும் திரும்பிப் போய் இரண்டு தார் பழமும் ஒரு கூடை எலுமிச்சையும் கொண்டுவந்து, "கவுண்டரு செத்தாருன்னதும் எனக்குப் பதறிப்போச்சு, பெஞ்சு ஒண்ணு காலியாயிருமேன்னு" என்று சொல்லிச் சிரித்தார். ஒரு மணி பத்து நிமிஷத்துக்கு இருபத்தேழு இலைகளும் போட்டாயிற்று. தேங்காய்ப்பால் அவல், எலுமிச்சை பிழிந்த காய்கள், பச்சைக் கடலை, பழம், இளநீர், வீட்டு மோர். பெரியத்தை மட்டும் தூணோரம் அமர்ந்து, "மாடு திங்கறதை மனுசனுக்குப் போடறாளே" என்றார். கடைசியாக அவரும் இலையில் உட்கார்ந்தார். ஒரு வாய் அவல் உண்டார். இரண்டாம் முறை வாங்கினார். மூன்றாம் முறை அவரே பாத்திரத்தை இழுத்துக்கொண்டார். உன் தந்தையார் ஒவ்வோர் இலைக்கும் போய் நின்று வயிறு நிறைந்ததா என்று ஷரத்துக்காகக் கேட்டு வந்தார். பெரியத்தையிடம் வந்தபோது, "நெறஞ்சுது, போ. ஆனா காயில உப்புக் கம்மி" என்றார். அதை விடப் பெரிய சான்றிதழ் அவரிடமிருந்து இந்த முப்பத்தோரு ஆண்டுகளில் நான் பெற்றதில்லை.

அந்த நாளுக்குப்பின் எனக்கு இரகசியமும் இல்லை, பயமும் இல்லை. அப்போதே உனக்கு எழுதியிருக்கலாம், நாற்பதும் நிறைந்தபின் முழுவதையும் எழுதுவோம் என்று பொறுத்துக்கொண்டேன். பொழுது விடியும் நேரத்தில் வரப்பில் வெறுங்காலோடு நடக்கிறேன். இளவெயிலில் பத்து நிமிஷம் முதுகு காட்டி உட்காருகிறேன். சோப்புக்குப் பதில் பாசிப்பயற்று மாவு, தலைக்குச் செம்பருத்தி இலை. அதன்பின் வேலை என்று ஏதுமில்லாமல் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கிறேன், சந்தை நிலவரத்தை உன் தந்தையாருக்கு உரக்க வாசிக்கிறேன். நீ எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். காலை ஒருவேளை மட்டும் போதும், அந்த ஒருவேளைக்கு மண்ணெண்ணெய் வேண்டாமல்லவா. மாப்பிள்ளை அவர்கள் உலைக்களத்தின் சூட்டில் நின்று வேலை செய்பவர், அவருக்குக் கையில் கட்டிக் கொடுக்கும் சோற்றை நிறுத்திவிடாதே. அதனுடன் ஊறிய கடலையும் எலுமிச்சையும் உப்பும் சேர்த்துக் கொடு. சின்னவனுக்குக் கஞ்சியும் வேகவைத்த பருப்பும் இருந்தே ஆக வேண்டும், கொள்கைக்காகக் குழந்தையைப் பட்டினி போடுவது கொள்கையாகாது. குழாய்த் தண்ணீரை முந்தின மாலையே கொதிக்கவைத்து ஆற்றி மூடி வை, பச்சையாக உண்ணும் காய்களை அந்த நீரில்தான் அலச வேண்டும். மரவள்ளிக்கிழங்கைப் பச்சையாக ஒருபோதும் வாயில் வைக்கலாகாது, அது நஞ்சு. பெரிய சிவப்பு அவரை விதைகளும் அவ்வாறே, வெந்தாலன்றி ஆகா. நம் ஊரில் கிடைப்பது அங்கே கிடைக்கவில்லையே என்று வருந்தாதே. அங்கே என்ன மலிவாகப் புதிதாக வருகிறதோ அதுவே உனக்கு இயற்கை உணவு. கொய்யாவும் முள்ளங்கியும் உங்கள் சந்தையில் குவிந்து கிடப்பதாக நீயே முன்பு எழுதியிருக்கிறாய்.

நேற்று முன்தினம் மாலை நாற்பதாம் நாள் நிறைவேறியது. ஒப்பந்தம் முடிந்ததென்று முறைப்படி படித்துக் காட்டினேன். உன் தந்தையார் எழுந்து எருமைக்குத் தீவனம் வைக்கப் போய்விட்டார். நேற்று விடிகாலை பழக்கத்தால் நாலரைக்கே எழுந்தேன், அடுப்பின் முன் போய் நின்றேன். ஆயுள் முழுவதும் என்று எழுதியது நான்தான்; தாளில் இருப்பதை அவர் மனதார ஏற்றாரா என்பது எனக்குத் தெரியவில்லை. மனமில்லாமல் விட்டுக்கொடுக்கும் காலைப்பொழுதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது. அப்போது அவர் பின்னால் வந்து ஒரு தாளை நீட்டினார். வெற்றுத்தாள், அடியில் மட்டும் கையெழுத்து. வெற்றுத்தாளில் கையொப்பம் வாங்கப்பட்டு அவருடைய சித்தப்பா மூன்று ஏக்கர் இழந்த கதையை உங்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வளர்த்தவர் அவர். "எனக்கு எழுதத் தெரிஞ்சது இந்தக் கையெழுத்து ஒண்ணுதான். மேல என்ன வேணுமோ நீயே எழுதிக்க. அமாவாசைக்கு மட்டும் வடை இருக்கட்டும்" என்றார். சொல்லிவிட்டு, பயறு எங்கே தொங்குகிறது என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனார்.

நேற்று முழுவதும் அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு என்ன ஷரத்து எழுதலாம் என்று யோசித்தேன். எழுத வேண்டியது ஒன்றும் மீதமில்லை என்று இன்று காலை ஏழு மணிக்குத் தெரிந்தது. ஏழு மணிக்கு நான் எழுதுகோலோடு உட்கார்ந்திருப்பது என் திருமண வாழ்வில் இதுவே முதல். ஆகவே நீ இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கடைசித் தாள்தான் அது; என் பெயருக்குக் கீழே அவர் முன்கூட்டியே இட்ட கையெழுத்தைக் காண்பாய். நீயும் உன் குடும்பமும் நோயின்றி, குறைவின்றி, நிறைந்த ஆயுளோடு வாழ நம் மாகாளியம்மன் துணை நிற்பாள். சின்னவனுக்கு என் முத்தங்கள், மாப்பிள்ளை அவர்களுக்கு எங்கள் இருவரின் அன்பான விசாரிப்புகள். பயறுத் துணியை இறுக்கிக் கட்டாதே.

இங்ஙனம்,
உன் நலம் என்றும் நாடும் தாய்,
பழனாத்தாள்

பொ. ஆறுச்சாமி